லாரியில் குளிர் குன்றுவதேன்?

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் லாரி, புத்தூரைக் கடந்து வடமாலபேட்டைச் சுங்கச்சாவடியில் நிற்கிறது. கத்திரி வெயில். ஓடும்வரை ஓரளவு குளிர்ந்த பழைய குளிர்சாதனம், நின்றதும் அனலை வீசுகிறது. ‘காஸ் தீர்ந்தது’ என்பார் பட்டறைக்காரர். காஸ் டீசலைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. குறைந்தால் கசிவு உண்டு. அதை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது, ஓட்டுநரின் கூலியை ஓட்டைக் குடத்தில் வார்ப்பதாகும்.

நிற்கும்போது மட்டும் குளிர் குன்றினால், முதலில் கண்டென்சரையும் அதன் விசிறியையும் நோக்குவோம். பெரும்பாலும் அது ரேடியேட்டருக்கு முன்னிருக்கும். தூசியும் பூச்சிகளும் அடைத்துவிட்டால் வெப்பம் வெளியேறாது. எஞ்சின் ஆறியபின், தகடுகள் மடங்காதவாறு மெல்லக் கழுவலாம். கம்ப்ரெஸரின் பெல்ட் தளர்ந்துள்ளதா என்பதையும் பார்த்துவிட்டு, அதன் பின்னரே காஸின் அழுத்தத்தை அளக்கச் சொல்வோம்.

2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஓட்டுநர் அறைக் குளிர்சாதனம் கட்டாயம். பழைய வண்டிகளுக்கு இப்பராமரிப்பே துணை.