விடுமுறைப் பயணமும் விமானத்தின் முன்வரிசையும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட விடயம் உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். விடுமுறைக்காக வெளிநாடு செல்லும்போது, விமானத்தின் முன்பகுதியில் வர்த்தக வகுப்பு என்று சொல்லப்படும் ஆசனத்துக்குப் பன்மடங்கு கட்டணம் செலுத்துவது தகுமா என்பதே அவ்விடயம். "கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் இருக்கின்ற எங்களுக்கு இதுவும் ஒரு கேள்வியா?" என்று நீங்கள் கேட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இது நமது கேள்வியாக இருக்கவில்லை என்பது மெய்யே. இன்று நமது பிள்ளைகள் தோஹாவிலும் ரியாத்திலும் துபாயிலும் உழைக்கின்றார்கள். விடுமுறை என்றால் ஊருக்கு வருவது என்றிருந்த நிலை மாறி, பெற்றோரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கும் இஸ்தான்புலுக்கும் செல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே கேள்வியும் வந்துவிட்டது.

நமது மாவட்டத்துக் குடும்பம் ஒன்றில் இதுபற்றி எழுந்த வழக்கைச் சொல்கின்றேன். வளைகுடாவில் சில ஆண்டுகள் உழைத்த மகன், வாப்பாவையும் உம்மாவையும் மலேசியாவுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். வாழ்நாளில் விமானமே ஏறாத அவர்களை முன்வரிசையிலேயே இருத்திக் கொண்டுபோக வேண்டும் என்பது அவரது ஆசை. வாப்பா மறுத்தார். "முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் ஒரே நேரத்தில்தானே இறங்கப் போகிறான்? அந்தக் காசில் தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போடலாம்" என்றார். "என் உழைப்பு வாப்பா, ஒரு தடவையாவது உங்களை ராஜாவைப் போலக் கூட்டிப்போக விடுங்கள்" என்றார் மகன். உம்மா இருவருக்கும் நடுவில் பேசாதிருந்தார். பயணம் மகிழ்ச்சிக்காகத் தொடங்கப்பட்டது. வீட்டிலோ இரு வாரங்களாக முகம் கொடுத்துப் பேச்சில்லை.

இவர்களுள் யாருடைய பக்கம் நியாயம் உள்ளது என்பதை அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம். முதலில், பணத்தைக் கொடுத்து நாம் வாங்குவது எதனை என்று பார்ப்போம்.

சாதாரண வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அதன் முன்னுள்ள ஆசனத்துக்கும் இடையே பொதுவாக 30 முதல் 32 அங்குல இடைவெளிதான் உண்டு. உயரமான ஒருவருக்கு முழங்கால் இடிக்கும். வர்த்தக வகுப்பில், பெரிய விமானங்களாயின், ஆறடிக்கும் மேற்பட்ட கட்டிலாகவே ஆசனம் விரிகின்றது. விமான நிலையத்தில் தனி வரிசை, காத்திருப்பதற்குத் தனி மண்டபம், கூடுதலான பொதி, நல்ல உணவு ஆகியவையும் சேரும். இவற்றில் உண்மையாகவே பெறுமதி வாய்ந்தது ஒன்றுதான்: படுத்துறங்கக் கிடைக்கும் இடம். மண்டபத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் இலட்சக்கணக்கில் பணம் கொடுப்பவன் கணக்கறியாதவன் என்றே நான் சொல்வேன்.

இனி, எவற்றை வாங்க முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். விமானத்தினுள் அடைக்கப்படும் காற்றழுத்தம், நாம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரமான மலையொன்றின் மீது இருப்பதற்குச் சமமானது. அந்த மெல்லிய காற்றும் வறட்சியும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒன்றே. காது அடைப்பதும் ஒன்றே. வானம் குலுக்கும்போது முன்வரிசையும் குலுங்கவே செய்யும். போயிங் 787, எயார்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அழுத்தம் சுமார் ஆறாயிரம் அடிக்கு ஒப்பாக வைக்கப்படுவதால் களைப்புச் சற்றுக் குறைகின்றது. ஆகவே, கட்டணத்தைக் கூட்டாமல், விமானத்தைத் தெரிவு செய்வதனாலேயே ஓரளவு சுகம் பெறலாம். இதனைப் பயணச்சீட்டு விற்பவர்கள் தாமாகவே நமக்குச் சொல்வதில்லை.

மற்றொன்று. கொழும்பிலிருந்து மாலைதீவு, சென்னை, கோலாலம்பூர் போன்ற அண்மைய இடங்களுக்குச் செல்லும் விமானங்களுட் பல, நடுவே ஒரேயொரு நடைபாதையைக் கொண்ட சிறிய விமானங்களாகும். அவற்றில் வர்த்தக வகுப்பு என்பது பெரும்பாலும் அகலமான, சற்றே சாயக்கூடிய நாற்காலி மட்டுமே. விளம்பரப் படத்தில் கட்டிலைக் கண்டு பணம் கட்டியவர், ஏறிய பின்னர் நாற்காலியைக் கண்டு திகைப்பார்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்காகவே சொல்கின்றேன்: கோலாலம்பூருக்குப் போய்வர ஒருவருக்குச் சாதாரண வகுப்பில் 120,000 ரூபா என்றும் வர்த்தக வகுப்பில் 400,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 280,000 ரூபா. போகும்போது மூன்றரை, வரும்போது மூன்றரை என ஏழு மணித்தியாலங்கள் வானில் இருப்போம். மணித்தியாலம் ஒன்றுக்கு 40,000 ரூபா! மூவருக்கு 120,000 ரூபா. அதாவது, ஒரு மணித்தியாலச் சாய்வுக்காக இன்னுமொருவரின் முழுப் பயணச்சீட்டையே கொடுக்கின்றோம். கட்டணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். நீங்கள் உங்களுடைய தொகைகளை இட்டு, வித்தியாசத்தை மணித்தியாலங்களால் வகுத்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டு, டொலருக்கு இருநூறு அளவில் இருந்த பெறுமதி சில வாரங்களிலேயே முந்நூற்றைம்பதைத் தாண்டியதை நாம் மறந்துவிடவில்லை. அன்று எரிபொருள் வரிசையில் நின்ற கால்கள்தாம் இன்று முன்வரிசையில் நீளப் பார்க்கின்றன.

இங்கே நமது மாவட்டத்துக்கென்றே உரிய ஓர் உண்மை உண்டு. சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கின்றது. விமானப்படையின் பயிற்சிக் கழகமும் இருக்கின்றது. ஆயினும் கோலாலம்பூருக்குச் செல்ல நாம் கட்டுநாயக்கவுக்கே போயாக வேண்டும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஐந்து ஆறு மணித்தியாலங்கள் வேனில் செல்ல வேண்டும். விமானமோ மூன்றரை மணித்தியாலத்தில் கோலாலம்பூரை அடைந்துவிடும். உம்மாவின் முழங்காலும் வாப்பாவின் இடுப்பும் நோவது வானத்தில் அல்ல, தரையிலேதான்! நள்ளிரவில் வேனில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பொதிகளுக்கிடையே கால் மடக்கி, உறக்கமின்றி விமான நிலையத்தை அடைந்துவிட்டு, அதன்பின் மூன்றரை மணித்தியாலச் சொகுசுக்கு இலட்சங்களைக் கொட்டுவது முறையான சிந்தனையாகுமா?

இதனை மருத்துவமும் ஆதரிக்கின்றது. நீண்ட நேரம் அசையாது அமர்ந்திருப்பவர்களின் கால் நாளங்களில் இரத்தம் உறைவது பற்றிய ஆய்வொன்றின் முடிவுகளை உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தின் பின் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகின்றது என்றும், இது விமானத்துக்கு மட்டுமன்றி பஸ், புகையிரதம், கார் ஆகியவற்றில் அசையாது இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்றும் அது கூறியது. ஆபத்தின் அளவு சிறியதே. சுமார் ஆறாயிரம் பேருக்கு ஒருவர். ஆயினும் நமது பயணத்தில் வேனும் விமானமும் அடுத்தடுத்து வருகின்றன. ஹபரணையில் இறங்கிப் பத்து நிமிடம் நடப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. கர்ப்பிணிகளும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், முன்னர் இரத்தம் உறைந்த நோய் கண்டவர்களும் வைத்தியரின் ஆலோசனை இன்றிப் புறப்படலாகாது. அவர்கள் எந்த வகுப்பில் இருந்தாலும் சரியே.

பயணத்தின் கடினம் என்பதை இந்த மண் நன்கு அறியும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நோயாளியும் மணப்பெண்ணும் ஜனாஸாவும் பாதைப் படகுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட நம்மவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் காலை வேளையை எண்ணும்போது, பயணத்தில் பாதுகாப்பு என்பதற்கும் சொகுசு என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கின்றது என்பது புலனாகும்.

மார்க்கம் வசதியை விலக்கவில்லை. உழைத்தவன் தன் குடும்பத்துக்குச் செலவிடுவதை அது புண்ணியமாகவே காண்கின்றது. விரயத்தையும் கருமித்தனத்தையும் தவிர்த்த நடுவழியைச் சூரா அல்ஃபுர்கான் போற்றுகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நடுவழி ஒவ்வொருவரின் வருவாய்க்கும் ஏற்ப மாறும். ஆகவே, முன்வரிசையில் அமர்ந்த ஒருவரைக் கண்டவுடன் "வீண்விரயம் செய்கிறான்" என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. அவரது முதுகெலும்பின் நோவை நாம் அறியோம். கடனட்டையில் வட்டிக்கு வாங்கி, தவணை முறையில் கட்டி, முன்வரிசையில் அமர்ந்து, அதனைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அதில் ஆசனம் இரண்டாம் பட்சம், படந்தான் முதல்.

ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் நல்ல ஆசனம் கிடைத்தால் யார் அமர்வது? சேர்த்துவைத்த பயணப் புள்ளிகளால் மகனுக்கு உயர்வு கிடைக்கின்றது; பெற்றோர் பின்னால் இருக்கின்றார்கள். இது இன்று அடிக்கடி நிகழ்கின்றது. பத்ருக்குச் சென்ற வழியில் ஒட்டகங்கள் போதாமையால் மூவருக்கு ஒன்றாகப் பங்கிடப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களுடனும் அபூலுபாபா (ரழி) அவர்களுடனும் ஓர் ஒட்டகத்தை முறைவைத்தே பகிர்ந்துகொண்டார்கள். தோழர்கள் இருவரும் தமது முறையை விட்டுத்தர முன்வந்தும் அவர்கள் ஏற்கவில்லை. தமது முறை வந்தபோது நடந்தார்கள். படைக்குத் தலைவர் நடந்த பயணம் அது. மகனே, உனக்குக் கிடைத்த ஆசனத்தை உம்மாவிடம் கொடு. பெரும்பாலான நிறுவனங்கள் புள்ளிகளைக் குடும்பத்தவரின் பெயரில் பயன்படுத்த இடமளிக்கின்றன. பதிவு செய்யும்போதே கேள்.

மேற்சொன்ன குடும்பம் என்ன செய்தது? சாதாரண வகுப்பிலேயே சென்றார்கள். மீதப்பட்ட தொகையில் ஒரு சிறு பங்கைக்கொண்டு முதல்நாட் பகலிலேயே நல்ல வேனில் புறப்பட்டு, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, உறங்கி எழுந்து, காலையில் விமானம் ஏறினார்கள். உம்மாவுக்குக் கால் நீட்டக்கூடிய ஆசனம் ஒன்று சிறு மேலதிகக் கட்டணத்தில் கிடைத்தது. கூரையும் போடப்பட்டது. வாப்பா வென்றுவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். கூரைக்கான காசையும் நீர்கொழும்புத் தங்குமிடத்தையும் கொடுத்தவர் மகன்தான். வாப்பாவும் அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் நான்கு பேரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

அவர்கள் சென்றது இஸ்தான்புலுக்கு என்றால் என் பதில் சற்று மாறியிருக்கும். ஒன்பது மணித்தியால அளவு நேரடிப் பயணம், இலண்டனாயின் பதினொன்று. அதுவும் இரவுப் பயணமாக இருந்து, எழுபதைத் தாண்டிய, இடுப்பு நோயுள்ள பெற்றோராகவும் இருந்து, கடனின்றிக் கையில் பணமும் இருந்தால், போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இரவில் வரும் ஒரு பகுதிக்கு மட்டும் கட்டில் ஆசனம் வாங்குவதை நான் விரயம் என்று சொல்லமாட்டேன். ஆரோக்கியமான இளைஞனுக்கும் ஏறியவுடன் உறங்கிவிடும் சிறு பிள்ளைக்கும் அது தேவையற்றது. மேலும், வர்த்தக வகுப்புப் பயணியொருவரின் பங்காக வெளியேறும் கரியமிலப் புகை சாதாரண வகுப்புப் பயணியினதைப் போல் சுமார் மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டிருக்கின்றது. கடலோரத்தில் வாழும் நாம் அதையும் ஒரு செலவாகவே எண்ண வேண்டும்.

பதிவு செய்யுமுன் சிலவற்றை விசாரியுங்கள். எந்த விமானம், கட்டிலா நாற்காலியா என்று கேளுங்கள். நடக்க இயலாத பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்பிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். முற்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஹலால் உணவும் அவ்வாறே. நடைபாதையோர ஆசனம் முதியோருக்கு நல்லது, எழுந்து நடக்கலாம். அவசரகாலக் கதவருகே கால் நீட்ட இடம் உண்டென்று முதியவரை அங்கே இருத்த எண்ணாதீர்கள். ஆபத்து வேளையில் கதவைத் திறந்து உதவக்கூடிய உடற்பலம் உடையவரையே அங்கு அமர அனுமதிப்பார்கள். கர்ப்பிணிகளையும் சிறுவரையும் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாக, பகுதியின் முதல் வரிசையைக் கேட்டுப் பாருங்கள்.