சிக்னல் இருக்கும்போதே சொல்லுங்கள்



2017 நவம்பர் கடைசி. ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை வந்தது. அவர்களுக்கு எட்டவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கைபேசியில் சிக்னல் கிடையாது. ஆகவே, சிக்னல் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் லாப நோக்கில்லாத அமைப்பு. மீனவருக்கென்றே ஒரு கைபேசிச் செயலி கொண்டுவந்தது. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், எல்லாம் தமிழில். கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியது அதுதானே!

நம் ஊர் மீனவர் சங்கங்களுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திறந்தால் பொன்னாடைப் படம், காலை வணக்கப் பூ, பிறந்தநாள் வாழ்த்து. அதற்கடியில் வானிலைச் செய்தி புதைந்து கிடக்கிறது. உயிர் காக்கும் செய்திக்குத் தனிக் குழு வேண்டும். பொறுப்பாளர் மட்டும் செய்தி போடும் குழு. எழுத்தைவிடக் குரல் நல்லது. வலையை ஏற்றிக்கொண்டே கேட்கலாம். நம் கடற்கரைப் பேச்சிலேயே, ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களே, படகு கரையில் நிற்கும்போதே செய்தி போய்ச் சேரட்டும். அந்தக் குழுவை இன்றைக்கே தொடங்குங்கள்.