குழந்தை எப்படி இருக்கு? சரி, நீங்க எப்படி இருக்கீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ஜூஸ் டம்ளர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

இடம் நெதர்லாந்து. ஆகஸ்ட் மாசக் கடைசி. மழையும் மப்புமா இருக்கிற அந்த நாட்டுல வெயில் அடிச்சாப் போதும், தோட்டத்துல மேசையைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்துடுவாங்க. மேசை மேல கேக், ஜாம், எலுமிச்சை ஜூஸ். அந்த இனிப்பைத் தேடி, மஞ்சளும் கறுப்புமா கோடு போட்ட சின்னக் குளவிகளும் வரும். கோடை முடியிற நேரத்துல அங்கே இது தினசரித் தொல்லை.

அந்த மேசையில ஒரு அம்மா இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். அவங்க பையனுக்கு எட்டு வயசு. போன வருஷம் ஒரு குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்து, உதடு வீங்கி, மூச்சு இரைச்சு, ஆம்புலன்ஸ்ல போய்ப் பிழைச்சான். இப்போ அவன் புல்வெளியில பந்து உதைச்சுட்டு இருக்கான். அம்மா பந்தையும் பார்க்கல, பையனையும் பார்க்கல. டம்ளரைப் பார்த்துட்டு இருக்காங்க, உள்ளே குளவி விழுந்திருக்கான்னு. கைப்பையில ஊசி இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்தாச்சு. போன வாரம் ஒரு பிறந்தநாள் அழைப்பை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஸ்கூல் பிக்னிக். லீவு போட்டுக்கிட்டு கூடவே போகப் போறாங்க.

இந்த அம்மாவை நான் கற்பனை பண்ணிச் சொல்றேன். ஆனா என் கேள்வி நிஜம். ஆஸ்பத்திரி ஃபைல்ல பையன் பேர் இருக்கு. கொட்டின தேதி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கு. அம்மா பேர் எங்கேயாவது இருக்கா? இல்லை. அப்போ அவங்களுக்கு நடக்கிறதை எப்படி அளப்பீங்க? எதுக்காக அளக்கணும்?

பயத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?

முதல்ல நோயைப் பத்திச் சுருக்கமா. தேனீயோ குளவியோ கொட்டினா அந்த இடம் வீங்கும், வலிக்கும். அது எல்லாருக்கும் வர்றது. சிலருக்குக் கை முழுக்க வீங்கும். பார்க்கப் பயமா இருந்தாலும் பெரும்பாலும் அதுவும் அந்தக் கையோட நின்னுடும். ஆனா கொஞ்சம் பேர் உடம்பு, அந்த விஷத்துக்கு எதிரா ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிச்சு வெச்சிருக்கும். அடுத்த தடவை கொட்டும்போது உடம்பு முழுக்க ஹிஸ்டமின் மாதிரியான வேதிப்பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிப்படும். தோல் தடிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இதுதான் அனாஃபிலாக்சிஸ். இதுக்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடணும்.

இந்த நோயின் விசித்திரம் என்னன்னா, வருஷத்தின் கிட்டத்தட்ட எல்லா நாளும் அந்தக் குழந்தைக்கு ஒண்ணுமே இருக்காது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நல்லா ஓடும், நல்லாத் தூங்கும். நோய் இருக்கிற இடம் உடம்பு இல்லை. 'அடுத்த தடவை' என்ற எண்ணம்.

மாடிப்படி ஏற முடியுதா?

வாழ்க்கைத் தரம்னு சொன்னா நமக்குச் சம்பளம், வீடு, கார் எல்லாம் ஞாபகம் வரும். மருத்துவத்துல அதுக்கு அர்த்தம் வேற. ஒரு நோயோ சிகிச்சையோ உங்க அன்றாடத்தை, மனசை, மத்தவங்களோட பழகுறதை எவ்வளவு பாதிக்குதுன்னு நீங்களே சொல்றது. டாக்டர் சொல்றது இல்லை, நீங்க சொல்றது.

இதுக்குப் பொதுவான கேள்வித்தாள்கள் உண்டு. எஸ்எஃப்-36 ரொம்பப் பிரபலம். மாடிப்படி ஏற முடியுதா, உடம்பு வலி எவ்வளவு என்ற மாதிரிக் கேட்கும். நம்ம டம்ளர் அம்மாகிட்ட இதைக் கொடுத்தா என்ன ஆகும்? படி ஏறுவாங்க. வலி இல்லை. நல்ல மார்க் வாங்கிடுவாங்க. அவங்க கஷ்டம் அந்தத் தாள்ல எங்கேயும் மாட்டாது. அதனாலதான் ஒவ்வொரு நோய்க்கும் தனித் தாள் தேவைப்படுது.

ஆஸ்துமா பக்கத்துல பெற்றோருக்குன்னே ஒரு தனித் தாள் வந்தது. கனடாவில் எலிசபெத் ஜூனிப்பர் குழுவினர் 1996-ல் வெளியிட்டாங்க. 13 கேள்விகள். 4 கேள்வி, பெற்றோரின் வேலையும் அன்றாடமும் எவ்வளவு தடைபடுதுன்னு. மீதி 9 கேள்வி, மனசைப் பத்தி. ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குழந்தைக்கு ஆஸ்துமா, ஆனா கேள்வி அப்பா அம்மாவுக்கு.

ஊசி கையில் இருந்தும் பயம் ஏன் கூடுது?

குளவி ஒவ்வாமைக்கு வருவோம். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹன்னெகே அவுட எல்பெரிங்க் என்ற மருத்துவரும் குழுவும் 2002-ல் இதுக்குன்னு ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்தாங்க. பெரியவங்களுக்கானது. 14 கேள்விகள், அதே 7 புள்ளி அளவுகோல். கேள்விகளை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் உட்கார்ந்து யோசிச்சு எழுதல. நோயாளிகள்கிட்ட எதெல்லாம் தொந்தரவு, எது அதிகத் தொந்தரவுன்னு கேட்டுப் பொறுக்கினாங்க.

அதுல ஒரு சிக்கல். தாள் சரியாத்தான் அளக்குதான்னு எதை வெச்சுச் சரிபார்ப்பீங்க? ஆஸ்துமான்னா ஊதிப் பார்க்கிற கருவி இருக்கு. குளவி ஒவ்வாமையில், கொட்டாத நாள்ல அளக்க ஒண்ணுமே இல்லையே! அதனால அவங்க நோயாளியோட எதிர்பார்ப்பையே கேட்டாங்க: 'மறுபடி கொட்டினா உங்களுக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?' அந்தப் பதிலோட ஒப்பிட்டாங்க. நோயே எதிர்பார்ப்புலதான் இருக்குன்னா, அளக்க வேண்டியதும் அதுதானே.

அப்புறம் ஒரு சோதனை. ஒரு குழுவுக்கு விஷ இம்யூனோதெரபி. அதாவது, குளவி விஷத்தையே மிகச் சிறிய அளவில் ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஊசியாப் போட்டு உடம்பைப் பழக்குறது. பொதுவா 3 முதல் 5 வருஷம் ஆகும். குளவி விஷத்துக்கு இது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பு தரும். இன்னொரு குழுவுக்கு எபிபென், அதாவது அவசரத்துக்குத் தானே குத்திக்கிற அட்ரினலின் ஊசி, மட்டும்.

முதல் குழுவின் வாழ்க்கைத் தரம் சராசரியா ஒரு புள்ளிக்கு மேல ஏறிச்சு. இந்த மாதிரி 7 புள்ளி அளவுகோல்ல அரைப் புள்ளி மாறினாலே அந்த மனுஷன் வித்தியாசத்தை உணர்வார்னு எடுத்துக்கிறாங்க. அப்போ இது பெரிய மாற்றம். எபிபென் குழு? ஏறவே இல்லை. கிட்டத்தட்ட அரைப் புள்ளி இறங்கிடுச்சு.

உயிர் காக்கிற ஊசி கையில் இருக்கு, ஆனா வாழ்க்கை சுருங்குது. யோசிச்சா புரியும். அந்த ஊசி தினமும் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்திட்டே இருக்கு: 'உனக்கு இது நடக்கலாம், நடந்தா நீதான் செய்யணும்.' இதைக் கேட்டுட்டு ஊசி வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. அது உயிர் காக்கும், கட்டாயம் வேணும். அது மட்டும் போதாது என்பதுதான் பாடம். இதை ரத்தப் பரிசோதனை சொல்லல, கேள்வித்தாள் சொன்னது.

யாருக்கு ஊசி?

இப்போ அந்த ஊசியை அம்மா பைக்கு மாத்துங்க. குத்திக்கப் போறது தன்னையே இல்லை, தன் பிள்ளையை. சரியான நேரத்துல, சரியான இடத்துல, கை நடுங்காம. அவங்க இல்லாத நேரத்துல டீச்சர் செய்யணும், பாட்டி செய்யணும்.

குழந்தைகள் விஷயத்துல ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். சின்னப் பிள்ளைக்குத் தாளை நிரப்பத் தெரியாது, அதனால அம்மாகிட்ட 'உங்க குழந்தை எவ்வளவு கவலைப்படுது?'ன்னு கேட்பாங்க. அம்மா '7-க்கு 2'ன்னு போடுவாங்க. அந்த 2 யாருடையது? பந்து உதைக்கிற பையனுடையதா, டம்ளரைப் பார்க்கிற அம்மாவுடையதா? ரெண்டும் கலந்திருக்கும். அதனாலதான் குழந்தைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள்னு பிரிக்க வேண்டியிருக்கு. உணவு ஒவ்வாமையில் 2004-லேயே பெற்றோரின் சுமையை மட்டும் கேட்கிற 17 கேள்வித் தாள் அமெரிக்காவில் வந்தது. பூச்சி விஷ ஒவ்வாமையில், போலந்தின் கிராகோவ் நகர மருத்துவர்கள் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் தனித் தாள்களை உருவாக்கினாங்க.

பெற்றோருக்கான தாள்ல என்ன கேட்கலாம்? நான் எழுதிப் பார்த்தா இப்படி வரும். கடந்த ஒரு மாசத்துல, பூச்சி பயத்தால எத்தனை இடத்துக்குப் போகாம இருந்தீங்க? பிள்ளையை வேறொருத்தர் பொறுப்புல விடும்போது எவ்வளவு தவிச்சீங்க? ஊசியைச் சரியாப் போட்டுடுவோம்னு எவ்வளவு நம்பிக்கை? இந்த விஷயத்துல வீட்ல ரெண்டு பேருக்கும் சண்டை வந்ததா?

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். இதோ காரணம். அமெரிக்காவில் டேவிட் கோல்டன் குழு, சின்ன வயசுல பூச்சி விஷ ஒவ்வாமை வந்தவங்களைப் பல வருஷம் கழிச்சுத் தேடிப் பிடிச்சு 2004-ல் முடிவுகளை வெளியிட்டாங்க. முதல்ல மிதமான அல்லது கடுமையான பாதிப்பு வந்தவங்கள்ல, இம்யூனோதெரபி எடுக்காதவங்களுக்கு மறுபடி கொட்டினப்போ 32 சதவீதம் பேருக்கு உடம்பு முழுக்கப் பாதிப்பு வந்தது. எடுத்தவங்களுக்கு 5 சதவீதம். இவங்களுக்கு முடிவு சுலபம்: சிகிச்சை வேணும்.

சிக்கல், வெறும் தோல் தடிப்பு மட்டும் வந்த குழந்தைக்கு. அடுத்த தடவை அதைவிட மோசமாகிற வாய்ப்பு குறைவு. டாக்டர் 'தேவையில்லை'ன்னு சொல்லலாம். ஆனா அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இப்போ என்ன பண்றது? அம்மா பயத்துக்கு, பிள்ளைக்கு 3 வருஷம் ஊசி போடுறதா? இல்லை, 'வீணாப் பயப்படாதீங்க'ன்னு அனுப்பி வெச்சுடுறதா?

ரெண்டுமே தப்பாப் போகலாம். ரெண்டு தாளும் தனித்தனியா இருந்தா டாக்டருக்குத் தெரியும். பையன் தாள்லயும் மார்க் குறைவா? அவனே வெளியில விளையாடப் பயப்படுறானா? அப்போ சிகிச்சையைப் பத்திப் பேசலாம். அவன் தாள் நல்லா இருந்து, அம்மா தாள் மட்டும் இறங்கியிருக்கா? அப்போ கவனிக்க வேண்டியவர் அம்மா. வாய்ப்பு எவ்வளவுன்னு உட்கார வெச்சு விளக்கணும். பயிற்சி ஊசியைக் கையில கொடுத்துப் பழக்கணும். ஸ்கூலோட பேசணும். தேவைன்னா மனநல ஆலோசனை. ஆறு மாசம் கழிச்சு அதே தாளைக் கொடுத்து, மாறியிருக்கான்னு பார்க்கணும்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இதுதான். பயத்தைக் கேலி பண்ணாம, அதுக்கு அடிபணியவும் செய்யாம, அது யாருடையது, எவ்வளவுன்னு மட்டும் நிதானமாக் கேட்கிறது. பிள்ளைக்குப் போட வேண்டியதைப் பிள்ளைக்கும், அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை அம்மாவுக்கும் கொடுக்க அது உதவுது.

முடிக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஊருக்கு ஒரு விஷயம். ஆட்டோ இன்ஜெக்டர் இங்கே மருந்துக்கடையில எளிதில் கிடைக்காது. அதனால, கொட்டினதும் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம்னு வந்தா 'கொஞ்சம் பார்ப்போம்'னு காத்திருக்காதீங்க. உடனே 108. படுக்க வைங்க, எழுப்பி நடக்க விடாதீங்க. மூச்சு விடச் சிரமப்பட்டா உட்கார்ந்திருக்கட்டும். சரியான பிறகு ஒரு ஒவ்வாமை நிபுணரைப் பாருங்க.

இன்னொண்ணு. உங்க நண்பர் வீட்லயோ சொந்தத்துலயோ இப்படி ஒரு குழந்தை இருந்தா, 'குழந்தை எப்படி இருக்கு?'ன்னு கண்டிப்பாக் கேட்பீங்க. அதுக்குப் பதில் வந்த பிறகு ஒரு நிமிஷம் நின்னு, 'சரி, நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னும் கேளுங்க. 1-ல் இருந்து 7 வரை மார்க் எல்லாம் வேண்டாம். கேட்டாலே போதும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.