வெற்றிட வான்கப்பல்: ஓட்டின் கணக்கு

 

நான் தலைமையேற்கும் இந்தக் கருத்தரங்கின் பொருளைக் கேட்டதும் என் நண்பர் ஒருவர், "உள்ளே ஒன்றுமே இல்லாத பலூனுக்கு இரண்டு நாள் கூட்டமா?" என்றார். அந்த "ஒன்றுமே இல்லை" என்பதை உள்ளே வைத்திருப்பதற்கு 350 ஆண்டுகளாக வழி தெரியவில்லை என்றேன்.

1670இல் இத்தாலியின் பிரெஷியா நகரத்து ஏசு சபைத் துறவி பிரான்செஸ்கோ லானா தெ தெர்ஸி தம் நூலில் ஒரு பறக்கும் படகை வரைந்து காட்டினார். நான்கு மெல்லிய செம்புக் கோளங்கள், உள்ளே காற்றில்லை, கீழே படகு, நடுவில் பாய்மரம். காற்றுக்கு எடை உண்டு என்பதை டோரிசெல்லி நிறுவியிருந்தார், காற்றை வெளியேற்றும் பம்பை ஓட்டோ ஃபான் கெரிக்கே செய்து காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்து லானா போட்ட மிதப்புக் கணக்கில் பிழையில்லை. இப்படியொரு கப்பல் எந்த நகரத்தின் மீதும் நெருப்பை எறியக்கூடும், ஆகவே கடவுள் இதை அனுமதிக்க மாட்டார் என்றும் அவரே எழுதிவைத்தார். வான்வழிக் குண்டுவீச்சை அவ்வளவு முன்னதாக ஊகித்தவருக்கு, தம் கோளத்தின் சுவர் என்ன ஆகும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.225 கிலோ. மூன்று மீட்டர் ஆரமுள்ள செம்புக் கோளம் மிதக்க வேண்டுமானால் அதன் ஓடு 0.14 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. அந்தத் தகட்டின் மீது வளிமண்டலம் எல்லாப் பக்கமும் சேர்த்து 1,100 டன்னுக்கு மேல் அழுத்தும். செம்பு அங்கேயே தோற்றுவிடுகிறது.

இன்றைய விமான அலுமினியக் கலவை தோற்காது. கணக்குப்படி ஓட்டில் ஏறும் தகைவு சுமார் 335 மெகாபாஸ்கல். அதைத் தாங்கும் கலவைகள் சந்தையில் கிடைக்கின்றன. பல முன்மொழிவுகள் இந்த இடத்தில் மகிழ்ந்து நின்றுவிடுகின்றன. ஆனால் மெல்லிய ஓடு நசுங்கிச் சாவதில்லை. பொறியாளர்கள் பக்லிங் என்கிறோமே, அந்தத் துவளலில் சாகிறது. காலி தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். பிளாஸ்டிக் கிழியாது, ஆனால் சுவர் படக்கென்று உள்ளே மடங்கும். அங்கே எதிர்த்து நிற்க வேண்டியது பொருளின் வலிமை அல்ல, விறைப்பு.

வெளியழுத்தத்தில் கோள ஓடு எப்போது துவளும் என்பதற்கான சூத்திரத்தை ஸோலி 1915இல் தந்தார். அதை மிதப்பு நிபந்தனையோடு இணைத்தால் ஆரம் அடிபட்டுப் போகிறது. கோளம் சிறிதானாலும் பெரிதானாலும் தீர்ப்பு ஒன்றே. எஞ்சுவது, விறைப்பின் அளவான யங் குணகத்தை அடர்த்தியின் வர்க்கத்தால் வகுத்த ஒரே ஒரு எண். அந்த எண் எஸ்.ஐ. அலகில் சுமார் ஐந்து லட்சமாவது இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு அது பத்தாயிரத்தைத் தொடவில்லை, ஐம்பது மடங்கு குறைவு. எஃகு அதைவிட மோசம். வைரத்தாலேயே ஓடு செய்தாலும் ஐந்து மடங்கு போதாது. ஒரே பொருளால் ஆன திண்ம ஓடு என்ற பேச்சு இங்கே முடிகிறது. இன்றும் நாளையும் யாரும் அதைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சூத்திரமும் குறையே இல்லாத கோளத்துக்கு மட்டும்தான். ஆய்வகத்தில் ஓடுகள் அது சொல்லும் அழுத்தத்தில் சிறு பங்கிலேயே சரிந்துவிடுகின்றன. 1939இல் ஃபான் கார்மனும் அவருடைய மாணவர் சியென் சூசென்னும் இந்த இடைவெளியை விளக்க முயன்றார்கள். அந்தச் சியென்தான் பின்னாளில் சீன ராக்கெட் திட்டத்தின் தந்தை எனப்பட்டவர். முழுமையான விளக்கத்தை நெதர்லாந்தின் வார்னர் கொய்டர் 1945இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். அது டச்சு மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதை நன்றாக அறிய 1960கள் ஆயிற்று. அவர் காட்டியது இது: ஓட்டின் தடிமன் அளவுக்குக்கூட வராத ஒரு சிறு பள்ளம் தாங்குதிறனின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வான்கப்பல் அளவில் பள்ளமில்லாத ஓட்டை எந்தத் தொழிற்சாலை வார்த்துத் தரும்?

இனிப் புதுப் பொருள்கள். 2013இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபீன் ஏரோஜெல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.16 கிலோ. ஹீலியத்தை விட இலேசு என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. அது மிதக்காது, ஏனென்றால் அதன் துளைகளில் காற்று நிறைந்திருக்கிறது. அந்த எடை அடர்த்திக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. காற்றை எடுத்துவிட்டு மேலே உறை போட்டால்? 2017இல் எம்.ஐ.டி. குழு முப்பரிமாணக் கிராஃபீன் அமைப்பை ஆராய்ந்தது. எஃகின் அடர்த்தியில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும்போது அது எஃகை விடப் பத்து மடங்கு வலிமை காட்டியது. அடர்த்தியை மேலும் குறைக்கக் குறைக்க வலிமை சரசரவென இறங்கியது. ஹீலியத்துக்கு மாற்றாக இதைக் கொள்ள முடியாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். நம் நாளிதழ்களுக்கு முதல் பாதி மட்டுமே வந்து சேர்ந்தது.

ஆகவே நம்பிக்கை வடிவத்தில் இருக்கிறது. இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டு அறைகளை வைத்தால் எடை அதிகம் கூடாமலே ஓடு தடிக்கிறது, விறைப்பு பல மடங்காகிறது. அக்மெதெலி, கவ்ரிலின் ஆகிய இருவர் போரான் கார்பைடு தகடுகளையும் அலுமினியத் தேன்கூட்டையும் கொண்டு, கிடைக்கும் பொருள்களாலேயே மிதக்கும் கோளம் கணக்களவில் சாத்தியம் என்று காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையின் தொழில்நுட்பக் கழகத்தில் பலாசோட்டோவின் மாணவர்கள் இருபதுமுகச் சட்டகத்தின் மேல் சவ்வை இழுத்துக்கட்டும் வழியை ஆராய்ந்தார்கள். இரண்டும் கணினியில் நிற்கின்றன. ஒட்டும் பசையும் மூட்டும் சவ்வின் தொய்வும் எடையோடு கணக்கில் ஏறும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் என் கவலை.

மிதந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹீலியம் ஏற்கெனவே வெற்றிடத்தின் தூக்குதிறனில் 86 விழுக்காட்டைத் தருகிறது, ஹைட்ரஜன் 93. உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருப்பதால் அவற்றுக்கு வெறும் துணி உறை போதும். வெற்றிட ஓடு ஹீலியத்தோடு போட்டியிட வேண்டுமானால், அது விலக்கும் காற்றின் எடையில் தாராளமாகப் பார்த்தாலும் நாலில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். திண்ம ஓட்டில் அது முன்சொன்ன நிபந்தனையைப் பதினாறு மடங்கு கடுமையாக்கும். தேன்கூட்டு ஓட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் சரியாகப் போடப்படவில்லை என்பது என் எண்ணம். போட்டவர் இந்த அவையில் இருந்தால் முதல் கைதட்டல் என்னுடையது.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு? தூக்குதிறனுக்காக என்றால் நான் இதை ஆதரிக்க மாட்டேன். கட்டுப்பாட்டுக்காக என்றால் ஆதரிப்பேன். ஹீலியக் கப்பல் சரக்கை இறக்கினால் எடை குறைந்து மேலே கிளம்பும். அதைத் தடுக்க விலையுயர்ந்த வாயுவை வெளியே விட வேண்டும், அல்லது மணலோ நீரோ ஏற்ற வேண்டும். இந்தியாவோ தனக்கு வேண்டிய ஹீலியத்தை இறக்குமதி செய்கிறது. வெற்றிடக் கப்பல் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் இறங்கும், பம்பு செய்து வெளியேற்றினால் ஏறும். இலட்சியப் பம்பு ஒன்று ஒரு யூனிட் மின்சாரத்தில் 43 கிலோ தூக்குதிறனை மீட்டுத்தரும். உண்மையான பம்பு அதில் பாதி தந்தாலும் சுமக்கத் தகுந்த செலவுதான்.

வேறு கோள்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்துள்ளன. 2017இல் நாசா, ஜார்ஜியா டெக்கின் ஜான்-பால் கிளார்க் முன்வைத்த செவ்வாய் வெற்றிடக் கப்பலுக்குத் தொடக்கநிலை நிதி அளித்தது. தகைவுக் கணக்கில் செவ்வாய் நமக்குச் சாதகம், உண்மை. திண்ம ஓட்டின் துவளல் கணக்கிலோ அங்கே பூமியை விட இருபது மடங்குக்கு மேல் கடினம், காற்று அவ்வளவு மெலிது. என்னைக் கேட்டால் சனியின் நிலவான டைட்டனைக் காட்டுவேன்: அடர்ந்த நைட்ரஜன், கடுங்குளிர், நிபந்தனை பதின்மூன்று மடங்கு தளர்கிறது. வெள்ளியின் தரைமட்டத்தில் இன்னும் தளரும், ஆனால் அங்குள்ள 460 பாகை செல்சியஸில் எந்தக் கலவையின் விறைப்பை நம்புவது?

கட்டுரையாளர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கப்போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டின் எடை, விலக்கும் காற்றின் எடையில் எத்தனை பங்கு? எவ்வளவு பள்ளத்தை அனுமானித்தீர்கள்? வெற்றிடப் பம்பு பூட்டி எதையாவது நசுக்கிப் பார்த்தீர்களா? மூன்றாவதற்கு "ஆம், நசுங்கியது" என்று பதில் சொல்பவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் தரும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டிருக்கிறேன். நசுங்கிய துண்டுகளைக் கொண்டுவந்திருந்தால் மேடையோர மேசையில் வைக்கலாம். தேன்கூட்டு ஓடுகள் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்கும்.