மருந்தடித்த கைகளும் டாக்டர் பட்டமும்



டாக்டர் என்றால் ஊசி போடுபவர் மட்டும்தானா? நோய் எந்தக் காற்றில், எந்தத் தண்ணீரில் வந்தது என்று ஆராய்ந்தும் டாக்டர் பட்டம் வாங்கலாம். சுற்றுச்சூழல் பொதுச் சுகாதாரம் என்பார்கள்.

முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்த தாய்மார்களுக்கு இது உடனே புரியும். நகம் கறுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் வாயால் சொன்னது போதவில்லை. எத்தனை பேருக்கு, எத்தனை நாள், கையுறை இருந்ததா என்று எண்ணி எழுத ஆள் வேண்டுமே! பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தடுப்பதாக அரசு 2002-இல் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, முழுத் தடை 1.1.2020-இல்தான் வந்தது.

மாக் மண்டினிலும் தொழிற்சாலைகள் உண்டு. பெண்பிள்ளையின் படிப்பை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிடாதீங்க. பாலம் தாண்டினால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1969 முதல் அங்கேதான் இருக்கிறது.