வீட்டுக்கு வைத்தியம்

(கோச்சடையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், மனோவியாதிக்கு வைத்தியம் செய்கிறவர்களை, நோயாளியின் குடும்பம் முழுவதையும் எதிரில் உட்காரவைத்து வைத்தியம் செய்யப் பழக்க வேண்டும் என்பதாகும். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சமாச்சாரம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அவர்களிடம் மாத்திரம் விட்டுவைக்கக்கூடிய காரியமாயிருந்தால் நாம் இங்கு வந்திருக்கவே மாட்டோம்.

முதலில் நம்முடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் இந்த வட்டாரத்துக் கிராமமொன்றில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று கோடாங்கியை வரவழைத்து உடுக்கடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் தோழர்களுடன் போய், பேய் என்பதாக ஒன்று கிடையாது என்று வாதாடினோம். கோடாங்கி பதில் சொல்ல முடியாமல் உடுக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கைதட்டியது. நாமும் ஜெயித்துவிட்டதாக எண்ணி வீடு வந்து சேர்ந்தோம். நாலைந்து மாதம் கழித்து அந்த ஊருக்குப் போய்வரும் நர்சம்மாவைப் பார்த்தபோது அந்த அம்மாள் சொன்னார்: "பேயைத் துரத்திட்டீங்கய்யா. பேய் பிடிச்ச அன்னைக்கித்தான் அந்த வீட்டுல அவ சாப்புட்டாளான்னு ஒருத்தர் கேப்பாக. இப்ப அதுவும் போச்சு."

தோழர்களே, அந்த வார்த்தை இன்றும் நம்மைக் குத்துகிறது. இரண்டும் பெண்ணாகப் பெற்றவள் என்று மாமியாரின் ஏச்சு. வாய் திறவாத புருஷன். பகலெல்லாம் காட்டு வேலை. சாதாரண நாளில் பேச உரிமையில்லாதவள், பேய் வந்த நாளில் மாத்திரம் நினைத்ததைப் பேசினாள். பேய் இல்லை, இல்லவே இல்லை. ஆனால் அந்தப் பெண் இருந்தாளல்லவா? நாம் அவளுடைய வாயை அடைத்துவிட்டு, திறக்க வேறு வழி சொல்லாமல் வந்துவிட்டோம்.

இதில் கோடாங்கியிடம் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அவர் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. மாமன், மச்சான், மாமியார், நாத்தனார் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்துத்தான் குறி சொல்லுகிறார். கேள்வி சரியான இடத்தில் கேட்கப்படுகிறது. பதில்தான் கிடாயும் கோழியுமாக முடிகிறது. வைத்தியசாலையிலோ, கூட வந்தவர்களை "வெளியே இருங்கள்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். மாத்திரை வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அநேக வியாதிகளுக்கு அது அவசியமானது. ஆனால் அதை விழுங்கிவிட்டு நோயாளி திரும்பிப் போவது எந்த வீட்டுக்கு?

வீட்டாரைக் கூட வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் என்பவர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசி, நோயாளியைக் கவனிக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். நமது வேலூரிலும் 1957-இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில் உறவினர்கள் கூடவே தங்கினார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் குடும்பத்தோடு வந்து தங்குவதற்கே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர்களும் சமூக ஊழியர்களும் அங்கே இந்த வேலையில் பழக்கப்படுகிறார்கள்.

குடும்பத்தை விசாரிப்பதென்றால் குடும்பத்தின்மேல் பழி போடுவதல்ல. அந்தத் தப்பை மேல்நாட்டார் செய்து பார்த்துவிட்டார்கள். 1948-இல் அமெரிக்காவில் ஒரு வைத்தியர், பிள்ளைக்குப் புத்தி பேதலித்ததற்குத் தாயே காரணம் என்னும்படியாக எழுதப்போக, எத்தனையோ தாய்மார் அநியாயமாகக் குற்றவாளியானார்கள். பிற்பாடு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. லண்டனில் கண்டது வேறு: எப்போதும் குற்றஞ்சொல்லித் திட்டுகிற வீட்டுக்குத் திரும்பிய நோயாளிக்கு வியாதி மறுபடி வருவது அதிகம் என்பது. அதையே சண்டிகரில் சோதித்து 1987-இல் வெளியிட்டார்கள். அங்கே அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாயிருந்தன; ஆனால் வெறுப்புக் காட்டும் வீட்டில் வியாதி திரும்புவது அங்கேயும் உண்மையாகவே இருந்தது.

இனி பழக்குவது எப்படி? கரையில் உட்கார்ந்துகொண்டு வைகையில் நீச்சல் கற்றவன் எவனுமில்லை. மாணாக்கர் ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆசிரியரும் மற்ற மாணாக்கர்களும் கவனிப்பார்கள். பிறகு பிழையை எடுத்துச் சொல்லுவார்கள். மூன்று தலைமுறையை ஒரு காகிதத்தில் வரைந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வரைந்து பார்த்தால் அந்த மாமியாரும் ஒரு காலத்தில் ஏச்சு வாங்கிய மருமகள்தான் என்பது தெரியவரும். இத்தாலியில் மிலான் நகரத்தார் காட்டிய ஒரு வழியும் இருக்கிறது. "உனக்கு என்ன வருத்தம்?" என்று அவளைக் கேட்காமல், சின்னப் பெண்ணைப் பார்த்து, "அம்மா அழுதால் முதலில் யார் கிட்டே போவார்கள்?" என்று கேட்பது. யாரையும் குற்றஞ்சாட்டாமலே வீட்டின் நடப்பு வெளிவந்துவிடும்.

எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம் இன்னொன்று. வைத்தியரும் ஒரு வீட்டில் பிறந்தவர். ஒரு ஜாதியில் வளர்ந்தவர். பெரியவர் பேசினால் சரியென்பதும், பெண் பேசினால் வாயாடியென்பதும் அவர் இரத்தத்தில் ஊறிப்போயிருக்கின்றன. "கொஞ்சம் அனுசரித்துப் போ அம்மா" என்று மருமகளுக்கு மாத்திரம் புத்தி சொல்லி அனுப்பினால், அதற்கு டாக்டர் படிப்பு எதற்கு? அந்த வேலையை ஊர்ப் பஞ்சாயத்தே செய்துகொண்டுதானிருக்கிறது. தன் வீட்டையும் மூன்று தலைமுறை வரைந்து பார்த்துக்கொள்ளாதவரை இந்த வேலைக்கு விடக்கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

பட்டம் பெற்றவர்களுக்குத்தான் இது வருமென்பதில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் சல்வடோர் மினூச்சினும் அவர் கூட்டாளிகளும், கல்லூரிப் பக்கம் போகாத ஏழைப் பேட்டைக்காரர்களையே இந்த வேலைக்குப் பழக்கினார்கள். அப்படியிருக்க, வீடு வீடாய்ப் போகிற நம் நர்சம்மாக்களுக்கு ஏன் கற்றுக்கொடுக்கக்கூடாது? முன்னே சொன்ன அம்மாளுக்கு வியாதியின் வேர் தெரிந்திருந்தது. மாமியாரையும் மகனையும் உட்காரவைத்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 25 பேருக்குமேல் ஓடமுடியாமல் நெருப்பில் வெந்து செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? எங்கெங்கோ அலைந்து, யாரும் உட்காரவைத்து ஒரு வார்த்தை பேசாமல், கடைசியில் போன இடம் அது. சங்கிலியால் கட்டக்கூடாதென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் சங்கிலியை அவிழ்த்தபின் வீட்டார் என்ன செய்வது என்பதைச் சட்டம் வந்து சொல்லிக்கொடுக்காது. அதனால்தான் இன்னமும் கலியாணம் செய்துவைத்தால் பைத்தியம் தெளியுமென்று, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பலி கொடுக்கிறார்கள்.

நாமும் நம் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது பேய் பிடித்த வீட்டுக்குப் போனால் வாதத்தைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, முதலில் அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று கேட்கிறோம். இனி உங்களில் கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேளுங்கள்.