மலையகத்திற்கு மற்றுமோர் உதைபந்தாட்டக் குழு

வலப்பனைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். கிடைத்த சமதரையில் தொழிற்சாலை நிற்கும். அடுத்த துண்டில் கோயில் இருக்கும். மூன்றாவதாக ஒரு துண்டு எஞ்சுமாயின், அங்கே இரு மருங்கும் மூங்கிற் கழிகளை நாட்டிச் சிறுவர் பந்தடித்துக் கொண்டிருப்பர். எல்லையைத் தாண்டிய பந்து செடிகளுக்கிடையே உருண்டு சரிவில் இறங்கி மறைந்துவிடும். கவ்வாத்து வெட்டிய மலையானால் தேடியெடுப்பது எளிது. கொழுந்து நிறைந்த மலையானால் ஆட்டம் கால் மணி நேரம் நின்றுபோகும். இராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ, மத்துரட்ட என எப்பக்கம் திரும்பினும் இக்காட்சியே. பண்டிகைக் காலங்களிலே தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி மூளும்போது, கோப்பையின் விலையைக் காட்டிலும் அதனைச் சுற்றி எழும் ஆரவாரத்தின் மதிப்பே பெரிது.

இத்தகைய மண்ணிலிருந்து நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்டத் தொடருக்கு மற்றுமொரு குழு செல்லுதல் தகுமா, தகுமாயின் அக்குழு எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள். இவ்வினாவில் விளையாட்டோடு பிழைப்பும் பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் சற்று நிதானமாகவே ஆராய வேண்டும்.

இலங்கையில் உதைபந்தாட்டத்தை நிருவகிக்கும் சம்மேளனம் 1939ஆம் ஆண்டில் அமைந்தது. 1952இல் பீபா எனப்படும் உலகச் சம்மேளனத்தில் அங்கம் பெற்றது. 1995இல் கொழும்பிலே நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றிய பெருமையும் இந்நாட்டுக்கு உண்டு. எனினும் ஆட்டக்காரன் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ வழி செய்யும் தொடரொன்று நெடுங்காலம் இல்லாதிருந்தது. சுப்பர் லீக் என்ற பெயருடன் 2021இல் தான் அத்தகைய முயற்சி தொடங்கிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் பிறந்த அம்முயற்சி, தொடங்கிய வேகத்தில் தொடரவில்லை. 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அத்தடை நீங்கும் வரை நாட்டின் உதைபந்தாட்டம் முடங்கிக் கிடந்தது. மீண்டும் ஒரு தொழில்முறைத் தொடர் உறுதியாக நிலைபெற வேண்டுமாயின், அதன் அமைப்பைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்தல் நன்று.

2021ஆம் ஆண்டுத் தொடரில் பத்துக் கழகங்கள் ஆடின. அவற்றுள் மூன்று தரைப்படை, கடற்படை, விமானப்படை என்பவற்றின் குழுக்கள். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை கொழும்பையும், களுத்துறை, பேருவளை, வென்னப்புவ முதலிய கரையோர ஊர்களையும் சார்ந்தவை. வடக்கிலிருந்து ஒரு குழுவும் இல்லை, கிழக்கிலிருந்தும் இல்லை. மலைநாட்டின் பெயரைத் தாங்கி நின்றது நாவலப்பிட்டியைச் சேர்ந்த அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் ஒன்றே.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். மலைநாட்டுக்குத்தான் ஏற்கனவே ஒரு குழு இருக்கின்றதே, மற்றொன்று எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. நாவலப்பிட்டிக் கழகம் தன் முயற்சியால் முன்னேறிய கழகம். ஜயதிலக மைதானமும் புகைவண்டி வசதியும் அதற்குத் துணை. ஆனால் நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தின் தென்கோடியில், மலையின் மேற்குச் சரிவில் இருக்கின்றது. வலப்பனையோ நுவரெலியாவுக்கு அப்பால், கிழக்குச் சரிவில். வலப்பனையிலிருந்து ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க நாவலப்பிட்டிக்குப் புறப்பட்டால், இராகலை ஏறி நுவரெலியா கடந்து, பின்னர் மலையிறங்க வேண்டும். அன்றேல் ரிக்கில்லகஸ்கடை வழியாகக் கண்டிக்குச் சென்று திரும்ப வேண்டும். போய்வரவே ஒரு பகல் கழிந்துவிடும். திங்கள் காலைப் பிரட்டுக்கு எவ்வாறு எழுந்து நிற்பான்? தொலைவிலுள்ள குழுவின் மீது அபிமானம் கொள்ளலாம், தவறில்லை. ஆயினும் பயிற்சிக்குச் செல்ல வேண்டிய பதினாறு வயதுப் பையனுக்கு அபிமானம் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துவிடாது.

மலையின் இரு சரிவுகளுக்குமிடையே மழையும் வேறுபடுகின்றது என்பதைத் தேயிலைத் தொழிலாளிக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கங்கள் நனைந்து கிடக்கும். அதே காலத்தில் வலப்பனை, உடப்புசல்லாவப் பக்கங்கள் வரண்ட காற்றில் உலர்ந்திருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் நிலைமை மாறும். கிழக்குச் சரிவு மழையில் மூழ்கும், தை பிறந்தபின் மேற்குச் சரிவு தெளியும். தரமான தேயிலையும் இதே ஒழுங்கில் தான் கிடைக்கின்றது: மேற்கே ஆண்டின் முதன் மூன்று மாதங்களில், கிழக்கே ஜூலை முதல் செப்டெம்பர் வரை. நுவரெலியா மாவட்டம் இவ்விரு சரிவுகளையும் தன்னுள் அடக்கியது. மாவட்டத்துக்கென ஒரு குழு அமையுமாயின், ஒரு பக்கம் மழை பெய்யும்போது மறுபக்கத்தில் ஆடலாம். ஆண்டு முழுவதும் உலர்ந்த மைதானம் கிடைக்கும் வாய்ப்புக் கரையோரக் கழகங்களுக்கும் எளிதில் அமைவதன்று.

உயரமான இடத்தில் ஆடுவது பிற குழுக்களுக்கு அநீதி என்று சிலர் கூறக்கூடும். இதற்கு நெடிய விடை வேண்டியதில்லை. 2007இல் பீபா 2500 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களிலே சர்வதேச ஆட்டங்களைத் தடைசெய்தது. 3600 மீற்றர் உயரத்தில் இருக்கும் பொலிவிய நாட்டு லா பாஸ் நகரம் கொதித்தெழுந்தது. மறுவருடமே தடை கைவிடப்பட்டது. நுவரெலியா நகரின் உயரம் 1868 மீற்றர் மாத்திரமே. வலப்பனை அதனினும் தாழ்ந்தது. விருந்தாளிக் குழுவைக் குளிர் சற்று நடுக்கலாம், அவ்வளவுதான்.

இனி, கணக்கைப் பார்ப்போர்க்கு ஒரு கணக்கு. பத்துக் குழுக்கள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் ஒன்பது சுற்றுகளில் 45 ஆட்டங்கள் முடியும். ஒரு குழுவைக் கூட்டிப் பதினொன்றாக்கினால் 55 ஆட்டங்கள் வரும். ஆனால் ஒற்றை எண்ணாகையால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு சும்மா இருக்க நேரிடும், சுற்றுகளும் பதினொன்றாகும். பன்னிரண்டாக்கினாலோ 66 ஆட்டங்கள். சுற்றுகள் அதே பதினொன்றுதான். எனவே ஒன்றைச் சேர்ப்பதற்கு ஆகும் காலத்திலேயே இரண்டைச் சேர்த்துவிடலாம். மலையகம் கேட்கும்போது தனக்கு மட்டும் கேட்காமல், வடக்குக் கிழக்கிலிருந்து ஒரு குழுவுக்கும் சேர்த்துக் கேட்பதே முறையும் சாமர்த்தியமும் ஆகும். 2022இல் மாகாணங்களுக்கிடையே நடைபெற்ற சுதந்திரக் கிண்ணப் போட்டியில் வெற்றி பெற்றது வட மாகாணமே. அம்மாகாணத்துக்குத் தொழில்முறைத் தொடரில் ஓரிடம் இல்லாதிருந்தமை விந்தையிலும் விந்தை. சுவிற்சர்லாந்து, அதுவும் மலைநாடே, தன் முதற்றரத் தொடரைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது 2023இல்.

குழுவைச் சேர்ப்பது எளிது. சேர்த்த குழு எவருடையது என்பதிலே தான் இடர்ப்பாடு. 2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் தம்புள்ளை நகரின் பெயரால் ஒரு குழு உண்டு. முதலாம் ஆண்டில் நோய்த்தொற்றுக் காரணமாக எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையிலேயே நடந்தன; தம்புள்ளை மக்கள் தம் குழுவைத் தொலைக்காட்சியிலே கண்டு மகிழ்ந்தனர். அதுவாவது காலத்தின் கொடுமை எனலாம். ஆனால் அக்குழு 2020இல் ஒரு பெயர், 2021இல் ஒரு பெயர், 2022இல் வேறொரு பெயர், 2024இல் இன்னுமொரு பெயர் என்று நான்கு பெயர்களைத் தாங்கிற்று. உரிமையாளர் மாறுந்தோறும் கொடி மாறியது. ஊர்ப் பெயர் ஒன்றே மாறாதிருந்தது. இந்தியாவின் சுப்பர் லீக் உதைபந்தாட்டத்தில் ஊர்ப்பெயரும் தங்கவில்லை: 2019இல் தில்லிக் குழுவொன்று புவனேசுவரத்துக்குப் பெயர்ந்தது, 2025இல் ஐதராபாத்துக் குழு தில்லிக்குப் பெயர்ந்தது.

அதே இந்தியத் தொடரிலே மாறான உதாரணமும் இருக்கின்றது. எட்டுக் குழுக்களோடு 2014இல் தொடங்கிய அத்தொடரில் 2017இல் பெங்களூரும் ஜம்ஷெட்பூரும் சேர்க்கப்பட்டன. ஜம்ஷெட்பூர் உருக்காலைத் தொழிலாளரின் நகரம். அங்கே ஆலையை நடத்தும் நிறுவனம் 1987இலேயே உதைபந்தாட்டப் பயிற்சிக் கழகமொன்றை நிறுவியிருந்தது. மைதானமும் முன்னமே இருந்தது. முப்பது ஆண்டுகள் சிறுவரைப் பயிற்றிய பின்னரே பெருந்தொடரில் ஒரு குழு. மலையகத்துக்கு ஏற்ற படிப்பினை இதுவே. 1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிருவாகத்தைப் பிராந்தியக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. அக்கம்பெனிகள் ஒன்றுகூடி, நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளிலிருந்து பையன்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றும் ஓர் அமைப்பை ஏற்படுத்துமாயின், குழு பின்னர் தானே பிறக்கும். கொழும்பிலே பணம் கட்டி வாங்கப்பட்டு, மலையகத்தின் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு வரும் குழுவானால், அது வராதிருப்பதே மேல்.

பையன்களைப் பற்றிச் சிந்திக்கும்போது மற்றொன்றும் தோன்றுகின்றது. சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு, சிலர் எழுதாமலே, தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களுள் நன்றாகப் பந்தடிப்பவன் ஒருவனுக்கு, ஆட்டத்தால் மாதச் சம்பளம் பெறலாம் என்ற செய்தி எட்டினால் அவன் உள்ளம் பூரிக்கும். பூரிக்கட்டும். ஆனால் ஒரு குழு வைத்துக்கொள்ளக் கூடியவர் இருபத்தைந்து முப்பது பேர். ஆசை கொள்பவரோ ஆயிரக்கணக்கினர். கனவை நம்பிப் பத்தாம் வகுப்பிலே புத்தகத்தை மூடியவன், கால் முறிந்த நாளிலே எங்கே போவான்? பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆட்டக்காரனோடு மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில் ஒப்பந்தம் செய்யலாகாது என்பது பீபாவின் விதி. மலையகக் குழு அதற்கும் ஒரு படி மேலே சென்று, பரீட்சை எழுதி முடிக்காத எவனையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்லை என்று தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி பாடசாலை விட்ட பின்னரே நடைபெற வேண்டும்.

சம்பளத்திலும் தெளிவு தேவை. தொடர் பதினொரு வாரம் நடக்குமாயின் பதினொரு வாரச் சம்பளமா, பன்னிரண்டு மாதச் சம்பளமா? தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும் இளைஞனுக்குச் சேமலாப நிதியுண்டு. அதனை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்கூலி வாங்கப் போகின்றவன் ஏமாந்தவனே. இதுகாறும் ஆட்டமும் நிரந்தர உத்தியோகமும் ஒருங்கே கிடைக்கும் இடமாகப் படைக்குழுக்களே விளங்கின. அக்குழுக்கள் நன்றாக ஆடியதில் வியப்பென்ன? தோட்டக் கம்பெனிகளும் உள்ளூராட்சி மன்றங்களும் ஆட்டக்காரனுக்கு ஒரு பதவியையும் கொடுத்து ஆட விட்டால், மலையகக் குழுவும் அவ்வாறே காலூன்றும்.

இவ்வளவும் பேசும்போது, பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும் காலமா இது என்ற குரலும் செவியில் விழாமலில்லை. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளிலே மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த பெருமழை மலைநாடெங்கும் வீடுகளையும் வீதிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆபத்தற்ற சமதரை எங்கே கிடைத்தாலும் அது முதலில் வீடிழந்தவனுக்கே உரியது; இதில் இரண்டு பேச்சு இல்லை. ஆகையால் மலையகக் குழுவின் பெயரால் புதிய அரங்கம் கட்டுவதற்கு ஒரு முழ நிலமும் கேட்கலாகாது.

கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நுவரெலியா மாநகர சபைக்கு மைதானம் இருக்கின்றது. ஹட்டனிலே டன்பார் மைதானம் இருக்கின்றது. றதல்லையிலும் டரவளையிலும் வெள்ளைக்காரத் துரைமார் தம் கழகங்களுக்கென்று மலையை வெட்டிச் சமப்படுத்திய புல்வெளிகள் இன்றும் பச்சைப் பசேலென்று கிடக்கின்றன. மண்ணை வெட்டியவர்கள் யாருடைய பாட்டன்மார் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வெளிகளில் ஒன்றிலேனும், சனிக்கிழமைதோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் தோட்டப் பாடசாலைப் பையன்கள் பயிற்சி பெற உரிய கழகங்கள் இடங்கொடுக்குமா என்று மாவட்டத்தின் விளையாட்டு அதிகாரிகள் கேட்டுப் பார்க்கலாம். கிழக்குச் சரிவில், வலப்பனையின் மேட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும், கீழேயுள்ள வயற்கிராமங்களிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் நடந்து வந்து சேரக்கூடிய பாடசாலை மைதானம் ஒன்றைத் திருத்தி, கம்பங்களுக்கு வலை கட்டிக் கொடுக்கலாம். பந்து சரிவில் உருண்டு போகாதபடி கீழ்ப்பக்கத்தில் ஒரு கம்பி வேலியும் போட்டுவிட்டால், பயிற்சியை வருகின்ற பள்ளித் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.